அண்ணி டைப் செய்து கொடுத்த கதை

என் பிரியமான அண்ணிக்கு,

"நலம், நலமறிய ஆவல்" என்று ஆரம்பித்துத்தான் எனக்குப் பழக்கம். உங்களிடம் அதை எப்படி எழுதுவது? போன இடத்தில் முட்டி வலி இருக்காது என்று மட்டும் நம்புகிறேன். இங்கே எல்லாரும் சுகம். அண்ணனுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வாய்தான் கட்டுக்குள் இல்லை. நீங்கள் பார்க்காமல் போன பேத்திக்கு ஒன்பது மாதம் ஆகிறது. அசப்பில் உங்களைப் போலத்தான் முறைக்கிறாள்.

பெரிய சேதி ஒன்று இருக்கிறது. என் கதைகள் புத்தகமாக வருகின்றன. பதினான்கு கதைகள். சிரிக்காதீர்கள். முன்னுரை வேண்டும் என்று பதிப்பாளர் கேட்டார். எனக்கு முன்னுரை எழுத வராது, அண்ணிக்கு ஒரு கடிதம் பாக்கி இருக்கிறது, அதைத் தரட்டுமா என்று கேட்டேன். அந்தக் கடிதம்தான் இது. நாலு பேர் படிக்கட்டும். நாலு பேர் முன்னால் சொன்ன பொய்யை நாலு பேர் முன்னால்தானே திருப்பி எடுக்க வேண்டும்?

இதையும் கம்ப்யூட்டரில்தான் எழுதுகிறேன். ஆங்கில எழுத்தைத் தட்டினால் திரையில் தமிழ் வருகிறது. டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்த கை உங்களுடையது, பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வீர்கள். நீங்கள் பத்து விரலால் செய்த வேலையை நான் இரண்டு விரலால் செய்கிறேன். மணிக்கணக்கில் ஆகிறது, ஆனால் முடிந்துவிடுகிறது.

படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அப்போது நான் மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டலில் வரவேற்பில் இருந்தேன். தினமும் செங்கல்பட்டிலிருந்து பஸ். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் ஜன்னல் ஓரம் இடம் கிடைக்கும், மடியில் நோட்டை வைத்து எழுதுவேன். நீங்கள் செங்கல்பட்டு ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு கடையில் டைப் செய்துகொண்டிருந்தீர்கள். முதலில் மெஷின், அப்புறம் கம்ப்யூட்டர். என் நோட்டைப் பார்த்ததும் உங்கள் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"இன்னா வசந்தி இது, கோழி கிளறினாப்புல கீது? எழுதும்போது பஸ்சு பள்ளத்துல வுழுந்துச்சா?"

திட்டிக்கொண்டே வாங்கிப் போவீர்கள். கடையில் வேலை குறைந்த நேரத்தில் டைப் செய்து, சூடு ஆறாத தாள்களைக் கொண்டுவந்து தருவீர்கள். என் கிறுக்கலை இந்த உலகத்தில் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நீங்கள். சில நேரம் எனக்கே புரியாமல் உங்களைத்தான் கேட்பேன்.

அப்படித்தான் அந்தக் கதையையும் கொடுத்தேன். ஓட்டலில் துணி வெளுக்கும் ஒருத்தியைப் பற்றியது. அவளுடைய அண்ணன் ஒரு பட்டுப் புடவையும் ஒரு விடுதலைப் பத்திரமும் எடுத்துக்கொண்டு வருகிறான். நம் பக்கத்தில் நடப்பதுதானே அது. அப்பா வீட்டில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று பெண்பிள்ளை எழுதிக் கொடுக்க வேண்டும். தங்கச்சி படித்துப் பார்த்தால் அண்ணனை அவமதித்த மாதிரி, அதனால் புடவையின் கலரைப் பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போடுவாள். என் கதையிலும் அவள் போட்டுவிடுகிறாள், ஞாயிற்றுக்கிழமை அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போகிறாள். இது மட்டும்தான் நான் எழுதிய முடிவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

டைப் செய்த தாள்களை நான் படித்துக்கூடப் பார்க்கவில்லை, அப்படியே கவரில் போட்டு அனுப்பினேன். பத்திரிகையில் வந்தபோது முடிவு வேறாக இருந்தது. அவள் பேனாவை வாங்கி, மூடியைப் போட்டு, அவன் சட்டைப் பையிலேயே திரும்பச் செருகுகிறாள். "அண்ணா, முதல்ல சாப்புடு. கையெழுத்து அப்பால பாக்கலாம்" என்று இலை போடுகிறாள். அவ்வளவுதான், கதை முடிந்தது.

பஸ்ஸில் படித்தேன். பத்திரிகையை மடித்துப் பைக்குள் திணித்தேன். காரணம் உங்களுக்குத் தெரியும். அந்தச் சமயத்தில்தான் அண்ணன், அப்பா கட்டிய வீட்டுக்கு மாடி எடுக்க பாங்கில் கடன் கேட்டு அலைந்துகொண்டிருந்தார். கடனுக்கு வீடு அவர் பேரில் மட்டும் இருக்க வேண்டும். அதற்கு என் கையெழுத்து வேண்டும்.

கிறிஸ்துமஸுக்கு எல்லாரும் நீங்கள் குடியிருந்த அந்த வீட்டில்தான் கூடியிருந்தோம். ஆரோக்கியம் அத்தை பிரியாணித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"இன்னாமா, பங்கு வோணும்னா வாயத் தொறந்து கேக்கறதுதான? பொஸ்தகத்துல போட்டு அண்ணன் மானத்த வாங்கினுகீறியே?"

எல்லாரும் சாப்பாட்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. "நான் அப்படி எழுதல அத்த. டைப் பண்ணும்போது அண்ணிதான் மாத்திட்டாங்க" என்றேன்.

நீங்கள் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தீர்கள். "நோட்ட எடுத்துப் பாரு வசந்தி" என்று மட்டும் சொன்னீர்கள். உடனே அத்தையிடம் திரும்பி, "இன்னொரு பீஸ் வெக்கட்டா?" என்று கேட்டீர்கள்.

நான் நோட்டைப் பார்க்கவில்லை. நீங்கள் பிளாஸ்டிக் கவரில் சுற்றித் திருப்பித் தந்ததை அப்படியே பரணில் தூக்கிப் போட்டேன். என் கதை, எனக்குத் தெரியாதா என்கிற திமிர்.

ஒரு வருஷம் உங்களிடம் கதையே தரவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்தேன். திரையில் முதல் பத்தியைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை என்ன சொல்ல! பஸ் குலுங்கினாலும் குலுங்காவிட்டாலும் வரிகள் நேராக நின்றன. பிடிக்காத வரியை அழித்தால் அது இருந்த இடமே தெரியவில்லை. முதல் தடவையிலேயே எல்லாம் சரியாக எழுதிவிட்டவள் மாதிரி இருந்தது. ஒருமுறை கரண்ட் போய் ஆறு பக்கம் காணாமல் போனதைக் கேள்விப்பட்டு நீங்களே வந்தீர்கள், கையில் நெத்திலிக் கருவாட்டுக் குழம்போடு.

"நோட்டுக்குக் கரண்டு வோணாம் பாரு" என்றீர்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு ராசியாகிவிட்டோம். உங்களை நான் மன்னித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன் அண்ணி! அந்தப் பெருந்தன்மையை இப்போது நினைத்தால் கூசுகிறது.

போன மாதம் புத்தகத்துக்காகக் கதைகளைத் தொகுத்தேன். மற்ற பதின்மூன்றையும் ஒரு வாரத்தில் டைப் செய்துவிட்டேன். இந்த ஒன்றில்தான் கை நின்றது. புத்தகத்திலாவது என்னுடைய முடிவு வரட்டும் என்று ஏணி போட்டு பரணில் ஏறி அந்த நோட்டை எடுத்தேன். இத்தனை வருஷம் கழித்து அப்போதுதான் நீங்கள் சொன்னதைச் செய்தேன்.

கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கம். பேனா மூடி, சட்டைப் பை, இலை, எல்லாம் அங்கே இருந்தது. என் கையெழுத்தில். பஸ் குலுக்கலோடு. அதன் மேல் வரிக்கு ஒரு நீளக் கோடு போட்டிருந்தேன். அடுத்த பக்கத்தில், வேறு மசியில், அவள் கையெழுத்துப் போடும் முடிவு. கோடு போட்ட பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு டிக். அது மட்டும்தான் உங்களுடையது. நீங்கள் டைப் செய்ததில் உங்கள் சொந்த வார்த்தை ஒன்றுகூட இல்லை.

அப்புறம்தான் மெல்ல ஞாபகம் வந்தது. கதையை எழுதி முடித்த அன்று சாயந்தரம் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்து கடனைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார். மறுநாள் மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து, பயந்துபோய், அந்த வரிகளை அடித்தேன். அடித்ததை மறந்தேன். மறந்ததற்குப் பழியை உங்கள் தலையில் போட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள், மறைத்தோம் என்பதையே மறந்துவிட்டேன் பாருங்கள்.

அன்றைக்கு இந்தக் கம்ப்யூட்டரில் எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். ஒரு பட்டனைத் தட்டியிருப்பேன், அந்த வரிகள் போன சுவடே இருந்திருக்காது. உங்களைக் குறை சொல்லிக்கொண்டே நானும் போய்ச் சேர்ந்திருப்பேன். அதற்காகக் கம்ப்யூட்டரைத் திட்ட மாட்டேன். அது இல்லாவிட்டால் பதினான்கு கதைகளை இந்த வயதில் யார் படியெடுப்பது? எனக்கு இதில் எழுதப் பிடித்திருக்கிறது. ஆனால் அது என்னை ரொம்ப நல்லவளாகக் காட்டுகிறது அண்ணி. காகிதம் அப்படிக் காட்டாது.

போன ஞாயிறு ஊரப்பாக்கத்தில் உங்கள் பேத்திக்கு ஞானஸ்நானம். அந்தக் கிறிஸ்துமஸ் அன்று இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் வந்திருந்தார்கள். சாப்பாட்டு நேரம் பார்த்து எழுந்து நின்றேன். ஆரோக்கியம் அத்தைக்கு இப்போது காது மந்தம், அதனால் மானம் போகிற விஷயத்தைக் கத்திச் சொல்ல வேண்டியதாயிற்று.

"அத்த! அந்தக் கதையோட முடிவ அண்ணி மாத்தல! நான் எழுதினதுதான்! நான்தான் பொய் சொன்னேன்!"

அத்தை எலும்பைக் கீழே வைத்தார். "அதான் அன்னிக்கே தெரியுமே. அவளுக்கு இன்னா பைத்தியமா புட்ச்சிருந்துது, தன் வூட்டுல பாதி போறாப்புல தானே எழுத?"

பந்தியே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, அழுகையும் கூடவே வந்தது. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. உங்களுக்கு நான் செய்த அநியாயம் எனக்கு மட்டும்தான் தெரியாமல் இருந்திருக்கிறது.

கை கழுவும் இடத்தில் அண்ணன் என் பக்கத்தில் வந்து நின்றார். கடன் கிடைக்கவில்லை, அதனால்தான் மாடி எடுக்கவில்லை, பத்திரத்துக்கும் அவசியமில்லாமல் போயிற்று என்று அந்த நாளில் என்னிடம் சொன்னவர் அவர். பிறகு வீட்டை இரண்டு பேர் பேரிலும் மாற்றியபோது அண்ணனுக்குத்தான் எவ்வளவு நல்ல மனசு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இன்றைக்கு நான் குடியிருப்பதும் அந்த வீட்டில்தான்.

"கடன்லாம் கெடச்சுதுமா" என்றார். "பத்தரம் கூட ரெடியா வெச்சிருந்தேன். ஒனக்குத் திருப்பிக் குடுக்கறதுக்கு மின்னாடி உங்க அண்ணிதான் ஒன் நோட்ட கொண்டாந்து காமிச்சா. 'கோடு போட்டத படிங்க, ஒங்க தங்கச்சி மனசுல கீறது இதான்'னா. அதப் படிச்சப்புறம் ஒங்கிட்ட எப்படிமா பேனாவ நீட்றது?"

குழாயை மூட மறந்து நின்றுகொண்டிருந்தோம், இரண்டு பேரும்.

நோட்டைப் பார் என்று ஏன் இன்னொரு தடவை சொல்லவில்லை அண்ணி? ஒரு அதட்டல் போட்டிருக்கலாமே. நானே பார்த்து நானே வெட்கப்படட்டும் என்று விட்டீர்களா, இல்லை நான் தலைகுனிவதைப் பார்க்க உங்களுக்குப் பிடிக்கவில்லையா?

கதை நீங்கள் டைப் செய்தபடியேதான் அச்சுக்குப் போயிருக்கிறது, ஒரு புள்ளிகூட மாற்றவில்லை. மனசு நிறைந்து இருக்கிறேன். அடுத்த கதையையும் ஆரம்பித்துவிட்டேன், இந்த இரண்டு விரலால்தான். ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். இனி யாருக்கும் பயந்து ஒரு வரியை அழிக்க மாட்டேன். நான் அழித்ததையும் எடுத்துப் படிக்க இப்போது நீங்கள் இல்லையே.

உங்களோடு சண்டை போட்ட நாட்களுக்கும் சேர்த்து அன்போடு,
உங்கள் ஒரே நாத்தனார்,
வசந்தி