முப்பத்தெட்டாம் நம்பர் பூட்ஸ்

அன்புள்ள வெஸ்னா,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? இங்கே லின்ஸில் குளிர் தொடங்கிவிட்டது.

தூண்டில் கடையை மூடிய பிறகும் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்துப் புழு விற்கிறாய். நல்லதுதான், உயிருள்ள புழு பார்சலில் வராது. ஆனால் ஸ்ரெட்டென் எதற்குத் தினமும் வருகிறான்? மீன் பிடிக்க டான்யூப் ஆற்றுப் பக்கமே போகாதவன். நம் கடையில் எல்லாத் தூண்டிலையும் வளைத்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, இன்டர்நெட்ல பாதி விலைதான்" என்று சிரித்தவன். கேட்டால், "பாவம், தனி ஆளு, ஒரு காப்பி குடிச்சிட்டுப் போறாரு" என்கிறாய். நானும் இங்கே தனி ஆள்தான்.

நேற்று ஒரு வேடிக்கை. எங்கள் இன்டர்நெட் கடைக் கிடங்கில் நான் கட்டவேண்டிய பார்சலில் அவன் பெயர், நம் ஊர். பெண்கள் போடும் மீன்பிடி பூட்ஸ், முப்பத்தெட்டாம் நம்பர். அவனுக்கு மனைவியும் இல்லை, அக்கா தங்கையும் இல்லை. உன் அளவும் முப்பத்தெட்டு.

முப்பத்தாறை வைத்துக் கட்டி அனுப்பிவிட்டேன்.

ஊரிலிருந்து இங்கே வரும் பஸ் டிரைவரிடம் எனக்குக் கம்பளிக் காலுறை கொடுத்தனுப்பு. மணி அடிக்கிறது, வேலைக்குப் போகவேண்டும். ஊரில் யாருக்காவது புது பூட்ஸ் காலைக் கடித்தால் மறைக்காமல் எழுது.

உன் கணவன்,
மிலுதின்