மண்சரிவு ஒன்று, முட்டை உடையாமல்

அக்டோபர் 6, 1986, திங்கள்

எங்கள் சாப்பாட்டுக் கடையில் பரிமாறும் வில்மா இன்று முதல் வரவில்லை. இடுப்பு அறுவைக்குப் போயிருக்கிறாள். இனி வரவே மாட்டாள் என்றுதான் பேச்சு. முதலாளி க்ளென் என்னைப் பாத்திரம் கழுவும் தொட்டியிலிருந்து இழுத்து வந்து முன்பக்கம் நிறுத்திவிட்டார்.

"இதென்ன பெரிய வித்தையா, நோரீன்? என்ன வேணும்னு கேளு. உள்ள பாத்துக் கத்து. அவ்வளவுதான்."

அவ்வளவுதானா! வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கக் குரல் வராமல்தானே பத்தாவதோடு பள்ளியை விட்டேன்?

க்ளெனின் அப்பா காலத்திலிருந்தே எங்கள் கடையில் காகிதம் கிடையாது. சீட்டு எழுதி மாட்டும் பழக்கமே இல்லை. பரிமாறுகிறவள் கத்துவாள். சமையல்காரர் ஆர்வில் அடுப்புப் பக்கம் திரும்பியபடியே "ஆச்சு" என்பார். எத்தனை ஆர்டர் வந்தாலும் ஒன்றும் மறக்காது அவருக்கு.

இன்று நான் கத்தியது எதுவும் அவர் காதுக்குப் போகவில்லை. "என்னது? என்னது?" என்று ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்த்தார். கல்லூரிப் பையன் ஒருவன், "பொண்ணு ஜெபம் பண்ணுது, சத்தம் போடாதீங்கடா" என்றான். மேசை முழுக்கச் சிரிப்பு.

அக்டோபர் 7

இன்றும் அதே. வாட்டிய ரொட்டி கேட்டவருக்கு வாட்டிய பன்றி இறைச்சி போனது.

அக்டோபர் 9, வியாழன்

என் பள்ளித் தோழி காலீன் இன்று பழைய கூட்டத்தோடு வந்தாள். நான் குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

ஜன்னல் ஓரத்து அந்த மேசையில் ஒரு காலத்தில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். சாயங்காலம் பள்ளி முடிந்ததும் மூன்று பேருமாக ஒரே ஒரு மண்சரிவு வாங்குவோம். முறுக வறுத்த உருளைக்கிழங்கு குன்றுபோல இருக்கும், உச்சியில் ஒரு முட்டை, மேலே ஊற்றிய குழம்பு நாலு பக்கமும் வழியும். பேர் வைத்தது எந்த வருடத்துப் பசங்களோ. முட்டையை யார் உடைப்பது என்று ஒவ்வொரு நாளும் சண்டை. நான் சண்டை போட்டதில்லை. அதனாலேயே எனக்கு அடியில் ஒட்டியிருக்கும் கருகல் துண்டுகள்தான் கிடைக்கும். அதுதான் ருசி என்று அவர்களிடம் கடைசிவரை சொல்லவில்லை.

எவ்வளவு நேரம் அப்படி நின்றேன்? ஆர்வில் பார்த்தார். காலீனின் தட்டை அவரே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.

அக்டோபர் 10

க்ளென் சீட்டுப் புத்தகங்களும், சீட்டு மாட்டும் தகரச் சக்கரமும் வாங்கி வந்துவிட்டார். அடுத்த சனிக்கிழமை கல்லூரியின் பழைய மாணவர்கள் வரும் நாள். காலையில் மட்டும் இருநூறு பேர் வருவார்கள். "உன் குரலை நம்பினா கடையை மூடிட்டுப் போகவேண்டியதுதான். திங்கள்ல இருந்து எழுதி மாட்டு."

அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது.

அக்டோபர் 13, திங்கள்

முதல் சீட்டை ஆர்வில் கையில் எடுத்து ரொம்ப நேரம் பார்த்தார். திரும்ப மாட்டினார். தலைகீழாக.

அப்புறம் சமையலறைச் சுவரில் தட்டு நீட்டும் திறப்பு வழியே எட்டி, யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தார். அவர்கள் வழக்கமாகத் தின்பதைச் செய்தார். வாடிக்கைக்காரர்கள் எல்லோருக்கும் சரியாகப் போனது. வெளியூர் வியாபாரி ஒருவருக்கு மட்டும் தப்பு.

"கண்ணு மங்கிடுச்சா? ஒரு கண்ணாடி வாங்கித் தொலைங்க" என்றார் க்ளென்.

கண் இல்லை. எனக்குத் தெரிந்துவிட்டது.

அக்டோபர் 14

பின்கட்டில் அவர் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தார். "சீட்டை நான் படிச்சுச் சொல்லவா?" என்று கேட்டேன். கத்தி நிற்கவில்லை.

"யார்ட்ட சொன்ன?"

"யார்ட்டயும் சொல்லல."

"சொல்லிராதம்மா. க்ளெனோட அப்பாவுக்குத் தெரியும். அதனாலதான் அந்த மனுஷன் கடையில காகிதமே வேணாம்னாரு. இவனுக்குத் தெரியாது."

"சொன்னாதான் என்ன? புரிஞ்சுக்குவாரு."

"இருபத்தாறு வருஷம் கழிச்சா? பத்து வயசுல என் முன்னால உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினவன். 'சரியா இருக்கா ஆர்வில்'னு நோட்டை நீட்டுவான். சரியா இருக்குன்னு சொல்லிட்டேனே எல்லாத்துக்கும்."

சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. நான் கத்தியிருந்தால் அந்தச் சக்கரம் வந்திருக்குமா?

அக்டோபர் 15

திறப்பு ஓரமாக நின்று சீட்டுகளை மெதுவாகப் படித்துச் சொன்னேன். க்ளென் பார்த்துவிட்டார். "அங்க என்ன குசுகுசுன்னு? மேசையைப் பாரு."

அக்டோபர் 16, வியாழன்

சனிக்கிழமை சொதப்பினால் கல்லூரிச் சமையலறையிலிருந்து வேறு ஆளைக் கொண்டுவரப் போகிறாராம் க்ளென். என்னிடமேதான் சொன்னார். ஆர்விலுக்குப் பாத்திரம் கழுவும் வேலை. என் பழைய இடம்.

இதை அவரிடம் எப்படிச் சொல்ல? சொல்லவில்லை.

உனக்கெல்லாம் வாய் எதுக்குடி?

அக்டோபர் 17

நிலவறையில் உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு முன்னால் நின்று கத்திப் பார்த்தேன். மூட்டைகளுக்கே கேட்டிருக்காது.

அக்டோபர் 18, சனி

 

ஏழு மணிக்கே வாசல்வரை கூட்டம். வழுக்கைத் தலைகள், தொப்பைகள், குழந்தைகள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். இலவச வெந்நீரில் மேசையிலிருந்த தக்காளி சாஸைப் பிழிந்து, உப்பு பிஸ்கட் நொறுக்கிப் போட்டு சூப் என்று குடித்த கதை. ஒரு முட்டைக்கு நாலு பேர் காசு சுண்டிப் போட்ட கதை. "அந்தக் கெழட்டு முதலாளி பாத்தும் பாக்காத மாதிரி இருப்பாருடா!"

ஆர்வில் திறப்பு வழியே முகம் முகமாகப் பார்த்தார். ஒருவரையும் அடையாளம் தெரியவில்லை அவருக்கு. எப்படித் தெரியும்? அப்போது ஒல்லியாக, தலை நிறைய முடியோடு இருந்தவர்கள். தோராயமாகச் செய்து அனுப்பினார். ஆறு தட்டு போனது. ஐந்து திரும்பி வந்தது.

"நான் இதைக் கேக்கவே இல்லையே?" என்றாள் ஒரு அம்மாள். க்ளென் முகம் சிவந்து உள்ளே பாய்ந்தார். சக்கரம் முழுக்கச் சீட்டு. ஆர்வில் கையில் கரண்டி அப்படியே அந்தரத்தில் நின்றது. அந்தக் கை நின்று நான் பார்த்ததே இல்லை.

சீட்டுகளை மொத்தமாகப் பிடுங்கினேன்.

"மண்சரிவு ரெண்டு! ஒண்ணுல முட்டை உடையக் கூடாது!"

கர்ணகடூரமான குரல். என்னுடையதா அது? கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.  ஓடிவிடலாம் போலிருந்தது.

ஆர்வில் அடுப்புப் பக்கம் திரும்பினார். "ஆச்சு" என்றார்.

ஒரு தொப்பைக்காரர் மேசையைத் தட்டி, "இதுதான்டா நம்ம கடை!" என்று கூவினார். எல்லோரும் தட்ட ஆரம்பித்தார்கள். க்ளென் என் காதருகே வந்து, "சீட்டை மாட்டு நோரீன்" என்றார். பதிலுக்கு அடுத்த ஆர்டரைக் கத்தினேன். அதற்கடுத்ததையும். மூன்று மணிவரை ஒரு தட்டும் திரும்பி வரவில்லை.

அக்டோபர் 20

தொண்டை கட்டிக் காற்றுதான் வருகிறது. ஆர்வில் வெந்நீரில் தேன் கலந்து வைத்தார். க்ளென் சக்கரத்தைக் கழற்றவில்லை. துடைக்கிற துணிகளை அதில் காயப் போட்டிருக்கிறார். புது ஆளைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆர்வில் விஷயத்தைத் தெரிந்துகொண்டாரா? கேட்கவில்லை.

அக்டோபர் 26, ஞாயிறு

மத்தியானம் வீட்டில் சாப்பிடும்போது உப்பு கேட்டேன். அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள்.

"ஏன்டி இப்படிக் கத்தித் தொலைக்கற? பக்கத்துலதானே உட்கார்ந்திருக்கேன்!"

உப்பு உடனே வந்தது.