வெள்ளைப் பஞ்சு

ஜூலை 9, செவ்வாய்

மக்காச்சோளக் குருத்தில் படைப்புழு. மருமகள் மருந்து அடிக்கமாட்டாளாம். புழுவைக் கொல்லும் சின்னக் குளவி தானாக வருமாம், மருந்து அடித்தால் அதுவும் செத்துப்போகுமாம். பக்கத்து வயல்காரர், "குளவிக்குப் பத்திரிகை வச்சாச்சாம்மா?" என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன். "சரி, உன் வயல்ல பலிச்சா நானும் அடிக்கல. பலிக்கலேன்னா ஊரே அடிக்கும்" என்றார்.

ஜூலை 13, சனி

மருமகள் வரப்பில் நிற்கவைத்துப் பாடம் எடுத்தாள். இலையில் பழுப்பாகப் பஞ்சு அப்பியிருந்தால் புழுவின் முட்டை, நசுக்கிவிடலாமாம். அடுத்து ஏதோ ஆரம்பித்தாள். "தெரியும், தெரியும்" என்றேன். அஞ்சாவது வரை படித்தவள்தான். அதற்காக என் வயலிலேயே எனக்குப் பாடமா?

ஜூலை 20, சனி

மருமகள் அவள் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள். நான் வயலில் இறங்கினேன். இலைக்கு இலை பஞ்சு! ஒரு டப்பா நிறையப் பறித்து எரித்தேன். இடுப்பு விட்டுப்போச்சு. ஆனாலும் இந்த வயசில் யார் செய்வார்கள்? வந்து பார்க்கட்டும்.

ஜூலை 21, ஞாயிறு

மருமகள் திரும்பி வந்ததும் பெருமையாகச் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது.

"பழுப்பா, வெள்ளையா அத்தை?"

"வெள்ளைதான். அரிசிய ஒட்டி வச்ச மாதிரி."

"பக்கத்துல புழு செத்துச் சுருங்கிக் கிடந்துச்சா?"

கிடந்தது. பார்த்தேன். பார்த்தும் —

"அது குளவிக் கூடு அத்தை. புழுவுக்குள்ளேயே வளந்து, அதைக் கொன்னுட்டு வெளிய வந்து கட்டினது. நம்ம ஆளுங்க."

திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு கேட்டிருப்பேன்.

ஜூலை 22

சோறு இறங்கவில்லை.

ஆகஸ்ட் 2, வெள்ளி

எங்கள் வயலில் குருத்தெல்லாம் சல்லடை. பக்கத்து வயல்காரர் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். "உன் குளவி லீவுல போயிடுச்சாம்மா? நாளைக்கு என் வயல்ல நான் அடிச்சிடறேன்" என்றார். மருமகள் தரையைப் பார்த்துக்கொண்டு, "எனக்குத்தான் சரியா வரலண்ணே" என்றாள்.

பக்கத்தில்தான் நின்றேன். தெருவையே வாயால் கட்டி இழுக்கிறவள் நான். ஒரு வார்த்தை வரவில்லையே. எரித்தது தெரியாமல் செய்தது. இது? சீ, நானும் ஒரு மனுஷியா?

ஆகஸ்ட் 3, சனி

விடிந்ததும் அவர் வயலுக்குப் போனேன். மருந்து டேங்க்கை முதுகில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"நிறுத்துப்பா. எங்க வயலுக்குக் குளவி வந்துச்சு. அவ மேல தப்பில்ல. புழு முட்டைன்னு நெனச்சு நான்தான் எரிச்சேன்."

"அக்கா, நீங்களா? ஊருக்கே புத்தி சொல்ற நீங்களா?"

வேலைக்கு வந்தவர்களையும் கூப்பிட்டு, இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். காது மடல் எரிந்தது. பிறகு அவர் வயல் இலைகளிலேயே தேடினோம். சுருங்கிய புழு ஒன்று, பக்கத்தில் வெள்ளைக் கூடு. குனிந்து இரண்டையும் பார்த்துவிட்டு டேங்க்கைக் கீழே இறக்கி வைத்தார்.

"ஒரு வாரம் பொறுக்கறேன். அதுக்கு மேல கேக்காதீங்கக்கா."

மருமகளிடம் சொல்லவில்லை. எந்த முகத்தோடு சொல்வது?

ஆகஸ்ட் 12, திங்கள்

எங்கள் வயலில் பாதிக் கதிர்கூடத் தேறாது. அவர் இன்னும் மருந்து அடிக்கவில்லை. தெருவில் எனக்குக் "குளவிக் கிழவி" என்று பேர் வைத்தாயிற்று. வைக்கட்டும்.

காலையில் மருமகள், "அத்தை, பக்கத்து அண்ணன் வயல்ல கூடு எப்படி இருக்குன்னு பாத்துட்டு வாங்க. எனக்கு இங்க வேலை கிடக்கு" என்றாள்.

"நான் தனியாவா?"

"ஏன், வழி தெரியாதா?"

போனேன். கை இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு, வரிசை வரிசையாகப் பார்த்துவிட்டு வந்தேன்.