ஞாயிறு ரேடியோவில் மூன்று பெயர்

கொட்டாஞ்சேனை,
12.05.1986

அன்புள்ள அத்தானுக்கு,

அந்தோனியார் புண்ணியத்தில் நானும் மகள் மாக்ரெட்டும் சுகம். உங்கள் அம்மாவும் சுகம்தான்.

சினிமாச் சங்கதி எழுதினால்தான் கறுப்பு மை பூசாமல் கடிதம் தடுப்பு முகாமுக்குள் வருகிறது என்றீர்கள். சரி, நான் இப்போது பெரிய சினிமா நிருபர்! எங்கள் தியேட்டரில் புதுப்படம். கதாநாயகனின் தாய் சாகிற கட்டத்தில் பெண்கள் அழுது குழம்பிப்போக, தியேட்டர்காரன் இரண்டாம் கிழமையே அந்தத் துண்டை வெட்டிவிட்டுக் கலியாணப் பாட்டோடு படத்தை முடிக்கிறான். ஒரே ஹவுஸ்புல். வெள்ளவத்தைப் பெட்டையள் எல்லாம் கதாநாயகி போட்ட பலூன் கைச் சட்டைதான். மாக்ரெட்டும் கேட்டு ஒரே கரைச்சல்.

ஞாயிறு நேயர் விருப்பத்துக்குப் போஸ்ட்காட் போட்டுவிட்டேன். மாமி, நான், மாக்ரெட் மூன்று பேரின் பெயரும் வாசிப்பார்கள்.

உங்கள்,
ஐறீன்

முகாம்,
20.05.1986

அன்பின் ஐறீன்,

காவல்காரனுக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் பாட்டுக் கேட்பான். ஞாயிறு அவனுடைய ரேடியோவில் மூன்று பெயரும் கேட்டேன். 'கொட்டாஞ்சேனை யோசெப்பின்' என்று அம்மாவின் பெயர் வந்ததும் சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு அழுதேன். அம்மாவின் நெஞ்சு வருத்தத்தை நினைத்துத்தான் எனக்கு நித்திரை இல்லை. பெயர் கேட்டால் ஆள் இருக்கிறா. அந்த ஒரு நம்பிக்கையில் இங்கே கிடக்கிறேன்.

வழக்குக்குப் புதுக்கடைக் கோட்டுக்குக் கொண்டுவருவார்கள். அம்மாவையும் கூட்டிவாரும். முகத்தைப் பார்த்தால் போதும்.

நோபேட்

கொட்டாஞ்சேனை,
21.07.1986

அன்புள்ள அத்தானுக்கு,

வழக்குத் தள்ளிப்போனது அறிந்து மனம் விட்டுப்போச்சு. இந்தக் கிழமை ஒழுங்கையில் எல்லாரும் சேர்ந்து வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து மூன்று படம் பார்த்தார்கள். பலூன் கை மவுசு போய்விட்டது. மாக்ரெட்டின் சட்டையைப் பிரித்து வேறு கை வைத்தேன்.

மாமியைக் கேட்டிருந்தீர்கள். அவவுக்கு இப்போது ஒரு நோவும் இல்லை. ஞாயிறு தவறாமல் பெயர் வரும், கேளுங்கள்.

உங்கள்,
ஐறீன்

முகாம்,
12.08.1986

ஐறீன்,

எங்கள் ஒழுங்கை யோகநாதனைப் பிடித்து இங்கே கொண்டுவந்திருக்கிறார்கள். அம்மாவின் சவப்பெட்டியைத் தூக்கினவர்களில் அவனும் ஒருவன். ஆனி மாதமே போய்விட்டாவாம். அதற்குப் பிறகும் ஞாயிறுதோறும் அவவின் பெயர் வந்தது. "அம்மா பாட்டுக் கேட்கிறா" என்று பக்கத்துப் பாய்க்காரனுக்கு நானும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான் தாங்கமாட்டேன் என்று அந்தத் தியேட்டர்காரன் மாதிரி வெட்டிவிட்டீர். கோபமில்லை என்று எழுதப் பார்த்தேன், முடியவில்லை. செத்த அன்றே சொல்லியிருந்தால் அழுதுவிட்டு எழும்பியிருப்பேன்.

நேற்று முன்தினமும் மூன்று பெயரும் வாசித்தார்கள். மாக்ரெட்டின் பெயர் வந்தபோது, பிள்ளை இருக்கிறாளா என்று நினைத்தேன். அவளைக் கண்டதாக யோகநாதன் சத்தியம் பண்ணுகிறான். அவனையும் நம்ப முடியவில்லை.

இனிப் போஸ்ட்காட் போடவேண்டாம்.

நோபேட்