குழம்பில் கலந்த பொடி

2 ஜூலை 2024, செவ்வாய்

இன்றும் ஊதச் சொன்னேன். சொல்லவே வேண்டியதில்லை. லோடு ஆட்டோவை விட்டுவிட்டு வந்து வாசலில் செருப்பைக் கழற்றியதும், என் வீட்டுக்காரர் தானாகவே குனிந்து என் மூக்குக்கு நேரே ஊதினார். டீ வாசமும் பீடி வாசமும்தான். குடியை விட்டு நூற்று அறுபத்திரண்டாவது நாள். காலண்டரில் தேதியைச் சுழித்தேன். ஆனாலும் மனசு ஆறவில்லை. பிறகு எதற்குத்தான் மோந்து பார்க்கிறேன்?

4 ஜூலை

குடியை மறக்கடிக்கும் பொடி கூரியரில் வந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டு சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது: குடிப்பவருக்குத் தெரியாமலே சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாமாம். இவர்தான் நிறுத்திவிட்டாரே, இப்போது எதற்கு என்று யாராவது கேட்கலாம். ஒரு முன்ஜாக்கிரதை, அவ்வளவுதான். மல்லித்தூள் டப்பாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

6 ஜூலை, சனி

சர்ச்சில் கூட்டம். குடியை விட்டவர்களுக்கு ஒரு ஹால், வீட்டுக்காரிகளுக்கு ஒரு ஹால். சுடலைராஜ் என்று பெயரை வைத்துக்கொண்டு இவர் அங்கே முதல் வரிசை. நான் இங்கே கடைசி பெஞ்சு.

எங்கள் பக்கத்தை நடத்துவது அமுதவள்ளி அக்கா. புருஷனைக் குடிக்கே பறிகொடுத்தவர். "இந்த வாரம் எதை ஆண்டவர் கையில விட்டிய?" என்று ஒவ்வொருத்தியையும் கேட்டார். "எங்க வீட்டுக்காரவியளத்தான்" என்றேன். "விட்டுட்டியளா, இல்ல விட்டுட்டு எட்டி எட்டிப் பாக்கியளா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. ஆண்டவர் கையில் விடுவதைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். இவர் பெயரை எழுதிப் போட்டேன். பொடியைப் பற்றி எழுதவில்லை. கடவுளுக்குத் தெரியாதா என்ன? தெரிந்தால் தெரியட்டும்.

7 ஜூலை

புளிக்குழம்பில் ஒரு சிட்டிகை. "கொழம்பு நல்லா இருக்குட்டி" என்றார்.

10 ஜூலை

கெட்டது குடி.

கயத்தாறுக்குத் தீப்பெட்டி பண்டல் கொண்டுபோனவர், ரோட்டோரம் வண்டியை நிறுத்தி வாந்தி எடுத்திருக்கிறார். பார்த்த எவனோ முதலாளி பூவனலிங்கம் அண்ணாச்சிக்குப் போன் போட்டுவிட்டான். "பழைய குடிகாரன் ரோட்டுல வாந்தி எடுத்தா வேற என்னல அர்த்தம்?" என்று அண்ணாச்சி சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து என் முன்னால் நின்று ஊதினார். "பாரு. நல்லாப் பாரு. நீயாவது நம்புதியா?"

"நம்புதேன்" என்றேன். எப்படி நம்பாமல் இருப்பேன்? நாலு நாளாகப் போட்டவள் நான்தானே. பாவி, நான் பாவி.

11 ஜூலை

பொடியைச் சாக்கடையில் கொட்டினேன். கொட்டிவிட்டால் ஆயிற்றா?

நான் வேலை பார்க்கும் மிட்டாய்க் கம்பெனியில் பாகு காய்ச்சும்போது கவனம் எங்கேயோ போய், முற்றவிட்டுவிட்டேன். ஒரு சட்டி வீண். பதினொரு வருஷத்தில் முதல் தடவை.

உண்மையைச் சொன்னால் கோபத்தில் நேரே ஒயின்ஷாப்புக்குப் போவார். சொல்லாவிட்டால் வேலை போகும். வேலை போனாலும் அங்கேதான் போவார். எது நடந்தால் இவர் குடிக்கமாட்டார், எதைச் சொன்னால் குடிப்பார் — காலையிலிருந்து இதே கணக்கு. இவரை நான் ஒரு நாள்கூட யார் கையிலும் விட்டதில்லை.

13 ஜூலை, சனி

கூட்டத்தில் சொல்லிவிட்டேன். யாரும் திட்டவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"அவியட்ட சொல்லிருங்க" என்றார் அமுதவள்ளி அக்கா.

"குடிச்சிட்டாவன்னா?"

"குடிச்சாலும் குடிப்பாவ."

இப்படியும் ஒரு ஆறுதலா! பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, ஜெபத்தை என்னையே சொல்லச் சொன்னார். "ஆண்டவரே, இந்த மனுஷன் என் கையில் இல்லை" என்பதுவரை வந்தது. "உம்முடைய இஷ்டம்" என்பது மட்டும் வரவில்லை. அழுதுமுடித்துத்தான் சொன்னேன்.

14 ஜூலை, ஞாயிறு

மத்தியானம் இவர் சாப்பிட உட்காருவதற்கு முன்பே சொன்னேன். வெறும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாய்க்குக்கூட இப்படி வைக்கமாட்டாவட்டி."

சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். முன்பெல்லாம் ஆட்டோ பிடித்துக் கடை கடையாகத் தேடுவேன். இன்று போன்கூடப் பண்ணவில்லை. போனைக் கையில் எடுத்து எடுத்து வைத்தேன், அது வேறு விஷயம். உம்முடைய இஷ்டம், உம்முடைய இஷ்டம்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார், ஊதச் சொல்வேன் என்று. நான் ஒதுங்கி வழிவிட்டேன்.

15 ஜூலை

அண்ணாச்சியிடம் நானே போய் நடந்ததைச் சொன்னேன். "நீயெல்லாம் என்ன பொம்பளம்மா!" என்றார். வேலைக்காரர்கள் எல்லோரும் நின்று கேட்டார்கள். மானம் போனது. ஆனால் இவருக்குச் சாவி திரும்பக் கிடைத்தது.

19 ஜூலை

வீட்டில் கை நனைப்பதில்லை. காலையில் ரோட்டுக்கடை இட்லி, ராத்திரிக்குப் புரோட்டா. டீயைக்கூடத் தானே போட்டுக்கொள்கிறார். வள்ளிமயிலாகிய நான் இதற்கு வாயை மூடிக்கொண்டு இருக்கிறேன் என்றால் அது அற்புதம்தான்.

28 ஜூலை, ஞாயிறு

காலண்டரில் பதினாலாம் தேதியிலிருந்து சுழிக்கவில்லை. அன்று மத்தியானத்திலிருந்து விளக்கு வைக்கும்வரை எங்கே போனார், என்ன செய்தார் — இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. கேட்கத் தோன்றும்போதெல்லாம் உம்முடைய இஷ்டம் என்ற அந்த இரண்டு வார்த்தைகளைச் சொல்லிக்கொள்கிறேன்.

சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து புளிக்குழம்பு வைத்தேன், எனக்கு மட்டும். சாப்பிட உட்கார்ந்தபோது இவர் கையைக் கழுவிக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தார். தட்டை என் முன்னால் வைத்தார்.

"சோறு போடு."

போட்டேன். பிசைந்து ஒரு வாய் வைத்தார்.

"உப்பு கம்மி."

உப்பு ஜாடியை அவர் பக்கம் தள்ளி வைத்தேன். எவ்வளவு போட்டுக்கொண்டார் என்று பார்க்கவில்லை.