புளி போட்டு மினுக்கிய துவக்கு

என் அன்புக்கும் ஏச்சுக்கும் உரிய யோகன் மச்சான்,

நீ கண்ணை மூடி எட்டு மாதமாகிறது. உன் இரட்டைக்குழல் துவக்கு இப்போது மோர்டென்ஸ்ருடில், என் வீட்டு இரும்பு அலுமாரிக்குள் இருக்கிறது. உன் மனுசி வசந்திதான் தந்தாள். "அண்ணை, இது உங்களுக்கெண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவர்" என்றாள். பொலிஸ் அனுமதியும் வந்துவிட்டது.

எங்கள் சனத்தின் நாக்கு உனக்குத் தெரியும்தானே. "துவக்குக்குப் பயந்து ஓடி வந்தவன், இஞ்சை வந்து துவக்கு வைச்சிருக்கிறான்" என்று கோயிலில் ஒருவர் என் முகத்துக்கு நேரே சொன்னார். "இது முயலுக்குத்தான் பயம் காட்டும் அண்ணை" என்றேன். அதுவும் பொய். நான் சுட்டு எந்த முயல் பயந்தது?

இந்தக் கடிதம் அதைப் பற்றியது இல்லை. நான் செய்த அநியாயத்தைப் பற்றியது. உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் வாசிக்கிற மற்றவர்களுக்காகத் திரும்பச் சொல்கிறேன்.

பல வருடங்களுக்கு முன்னால், முயல் வேட்டைக்கு உன் துவக்கை ஒரு கிழமைக்கு இரவல் வாங்கினேன். நூறு வயது தாண்டிய பெல்ஜியத் துவக்கு. இடையில் விஜயதசமி வந்தது. கத்தி, சுத்தியல், தையல் மெஷின் எல்லாவற்றையும் சாமி படத்துக்கு முன்னால் வைக்கிற நாளில், மச்சானின் துவக்கை மட்டும் அழுக்கோடு வைக்கலாமா? பள்ளிக்கூடத்து ஓ.எல். பரீட்சையில் இரண்டு தரம் பெயிலாகிக் குண்டடித்த மூளை வேலை செய்தது. நான் இருபது வருடம் ஹோட்டல் குசினியில் பாத்திரம் மினுக்கியவன் வேறு. குழலும் கட்டையும் சந்திக்கிற அந்த இரும்புப் பெட்டியைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். குத்துவிளக்கு தோற்றுப்போனது. சந்தனப் பொட்டும் வைத்துக் கொண்டுவந்து தந்தேன்.

நீ துவக்கை வாங்கி அந்த இரும்புப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தாய். நிறைய நேரம் பார்த்தாய். பிறகு, "மச்சான், தேத்தண்ணி குடிப்பமே?" என்று மட்டும் கேட்டாய்.

அடுத்த வருடம் எங்கள் வேட்டைச் சங்கத்து மேசையில் வேறொருவரின் துவக்கை நீ சோதித்துத் தரம் சொல்லும்போதுதான் எனக்கு விளங்கியது. எலும்புக்கரியில் வேக வைத்த பழைய இரும்பில், மழைத் தண்ணீரில் எண்ணெய் மிதக்கிற மாதிரி நீலமும் பழுப்புமாக ஒரு நிறம் இருக்கும். கை படுகிற இடத்தில் தேய்ந்து, குழலைத் திறக்கிற நெம்புகோலின் அடியில், கைபடாத மூலையில் மிஞ்சியிருக்கும். கை படுகிற இடமும் மூலையும் ஒரே மாதிரிப் பளபளத்தால் யாரோ பிறகு பூசியது, பொய். உன் துவக்கில் மூலையிலும் இல்லை, எங்கேயும் இல்லை; என் புளி எல்லாவற்றையும் கரைத்துவிட்டது. "உன்ரையிலை ஏனடா நிறம் இல்லை?" என்று தெரியாதவன் மாதிரிக் கேட்டேன். "அது ஒருக்கால் குளிச்சது" என்றாய். ஏன் மச்சான் அன்றைக்கே என்னை ஏசவில்லை?

போன கிழமை சங்கத்தில் பழைய துவக்குகளைப் பார்த்துத் தரம் சொல்லுகிற நாள். வெளிச்சம் நன்றாக வருகிற யன்னலோரம் மேசை போட்டிருந்தார்கள். நோர்வே மொழியான நொஸ்க்கில் என் பேச்சு மேல் எனக்கே நம்பிக்கை இல்லாததால் மகள் துளசியையும் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே தரம் சொல்லுகிற ரோல்ஃப் கிழவன் உன் துவக்கைக் கையில் எடுத்தான். குழலில், பெட்டியில், முன்கட்டையில் இலக்கம் ஒன்றா என்று பார்த்தான். ஒன்றுதான். திருகாணிகளின் வாய் ஒன்றும் கிழியவில்லை. பிடி வழுக்காமல் கட்டையில் வெட்டிய கட்டங்கள் தேய்ந்திருக்கின்றன, யாரும் திரும்ப வெட்டவில்லை. குழலை நூலில் தொங்கவிட்டு விரலால் தட்டினான். கோயில் மணி மாதிரி நின்று ஒலித்தது. பிறகு இரும்புப் பெட்டியைப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

"இவ்வளவு நல்ல கண் இருந்த மனுசன், தன்ரை துவக்கை இப்பிடித் தேய்ச்சுப்போட்டானே" என்றான் பக்கத்தில் நின்றவரிடம். "ஒருக்கால் கேட்டனான். 'என்ரை பிழைதான்' எண்டான்."

இத்தனை வருடமும் இந்த மேசையில் இருந்தவர்கள் உன்னைத்தான் நினைத்துச் சிரித்திருக்கிறார்கள். நீ அதைச் சுமந்துகொண்டு என்னோடு முயல் பிடிக்க வந்திருக்கிறாய்.

ரோல்ஃப் நல்ல மனதோடுதான் அடுத்ததைச் சொன்னான். "திராமன் ஊரிலை ஒருத்தர் இருக்கிறார். மூலையிலை அதிகமா, கை படுற இடத்திலை குறைவா எண்டு அளந்து நிறம் வைச்சுத் தருவார். ஆரும் கண்டுபிடிக்கேலாது. அசல் துவக்குகளின்ரை வரிசையிலை முதலாவதா நிக்கும்."

"வேண்டாம்" என்றேன். அவன் திரும்பிப் பார்த்தான். நான் எழும்பிவிட்டேன். "யோகன் இல்லை. நான். நான்தான் தேய்ச்சனான்."

"எதாலை?"

புளிக்கு நொஸ்க்கில் என்ன சொல்வதென்று வாயில் வரவில்லை. துளசி சொல்லிக் கொடுத்தாள். மேசை முழுக்கச் சிரித்தது. ஒருவர் "கறியிலை போடுறதே?" என்று கேட்டார்.

"ஓம், கறியிலை போடுறதுதான். சிரியுங்கோ, நல்லாச் சிரியுங்கோ. ஆனா என்னைப் பாத்துச் சிரியுங்கோ. அவன்ரை கண்ணிலை பிழை இல்லை. பொய் நிறம் பூசி அவன்ரை துவக்கை ஒரு வரிசையிலையும் நிப்பாட்ட நான் விடமாட்டன்."

நொஸ்க்கில் இது எப்படி விழுந்ததோ தெரியாது. பாதி இலக்கணம் என்னிடம் இல்லை, மிச்சத்தைக் கோபம் தின்றுவிட்டது. ரோல்ஃப் சிரிப்பை நிறுத்தினான்.

"அசல் வரிசைக்கு இது வராது. திருத்தின வரிசைக்கும் வராது, ஒருத்தரும் திருத்தேல்லையே. எங்கை வைக்கிறது?"

"தனிய வையுங்கோ. அட்டையிலை உள்ளதை எழுதுங்கோ."

எழுதினான், மச்சான். 'இலக்கங்கள் ஒன்று. கட்டை, குழல், திருகாணிகள் அசல். இரும்புப் பெட்டி புளியும் சாம்பலும் கொண்டு தேய்க்கப்பட்டது. தேய்த்தவர் பாலன். யோகன் அல்ல.' கடைசி இரண்டு சொல்லை நான் கேட்டு எழுதுவித்தேன். பேனாவை வாங்கி அதன் கீழே ஒரு கோடும் இழுத்தேன். பின்னேரம் வரை அந்த அட்டை மேசையில் இருந்தது. வந்தவர் எல்லாரும் வாசித்தார்கள், நான் பக்கத்திலேயே நின்றேன்.

வீட்டுக்கு வரும்போது காரில் துளசி கேட்டாள், "அப்பா, நீங்கள் இல்லாத காலத்திலை ஆர் இதைச் சொல்லுறது?" அவள் போன வருடம் வேட்டைப் பரீட்சை ஒரே தரத்தில் பாஸ் பண்ணியவள், என்னைப் போல இல்லை. "நீதான்" என்றேன். "என்ரை அப்பா ஒரு மடையன் எண்டு ஊர் முழுக்கச் சொல்லவோ?" என்றாள். "ஓம், அப்பிடியே சொல்லு. யோகன் மாமா இல்லை எண்டதையும் சேர்த்துச் சொல்லு."

சரி என்றிருக்கிறாள். ஆகவே இது என் வாக்கு, மச்சான்: நான் இருக்கும் வரைக்கும் அந்த இரும்பில் எந்த நிறமும் ஏறாது. வருடா வருடம் அதை அந்த மேசைக்குக் கொண்டுபோவேன். பிழை யாருடையது என்று கேட்கிறவன் ஒவ்வொருவனும் என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்கவேண்டும்.

உன் துவக்கைக் கெடுத்தவனும், இனி அதற்குப் பதில் சொல்கிறவனுமான
உன் மச்சான்,
பாலன்