நாலு மணி நேரச் சீட்டு

மார்ச் 4

அன்புத் தம்பிக்கு,

போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். அம்மாவை என் வார்டிலேயே ஜன்னலோரக் கட்டிலில் சேர்த்திருக்கிறோம். இருதயம் ரொம்பப் பலவீனம். பெரிய டாக்டர் உதட்டைப் பிதுக்கிவிட்டார். ஆனால் வாய் மட்டும் குறையவில்லை. நான் ஊசி போடும் லட்சணத்தை வார்டு முழுக்கக் கேட்கும்படி குறை சொல்கிறாள்.

ஆஸ்பத்திரியில் புதுக் கூத்து ஒன்று. நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் வண்டி நிறுத்த இலவசம், வேலை பார்க்கிற எங்களுக்குக் கட்டணம். அந்தச் சீட்டும் நாலு மணி நேரத்துக்குத்தான். தாண்டினால் சக்கரத்துக்குப் பூட்டு. "மகளா வந்தா சும்மா விடுவேன், யூனிஃபார்ம்ல வந்தா காசு" என்கிறார் வாட்ச்மேன். அதனால் நர்ஸுகள் ஏழு பேரும் முறை வைத்திருக்கிறோம். தினம் ஒருத்தி இறங்கிப்போய் ஏழு வண்டிக்கும் சீட்டு மாற்றிவிட்டு வருவாள்.

நீ எப்போதடா வருவாய்?

உன் அக்கா

மார்ச் 9

அன்புள்ள அக்கா,

லீவு கேட்டேன். மாதம் முடியும்வரை மூச்சு விடக்கூடாது என்கிறார் மேலாளர். நீ பக்கத்தில் இருக்கிறாய் என்ற தெம்பில்தான் தூங்குகிறேன். கடைசியில் அம்மாவின் கை உன் கையில் இருக்கட்டும். எனக்கும் சேர்த்துப் பிடித்துக்கொள்.

உன் அன்புத் தம்பி

மார்ச் 28

தம்பி,

எல்லாம் முடிந்தபின் வந்தாய், அழுதாய், என் கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாய். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று உன்னிடம் நான் பொய் சொன்னேன்.

அம்மாவின் கடைசி நாளில் சீட்டு மாற்றுவது என் முறை. அதற்குமுன் மூன்று தடவை மற்றவர்கள் எனக்காகப் போயிருந்தார்கள். மறுபடி கேட்க வாய் வரவில்லை. அம்மாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது, ஆனால் இரண்டு நாளாகவே அப்படித்தான். "போயிட்டு வா, நான் எங்க ஓடப்போறேன்" என்றாள். கீழே சீட்டு மெஷினில் வரிசை. ஏழாவது வண்டியின் கண்ணாடியில் சீட்டைச் சொருகிவிட்டு மேலே ஓடினேன். கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டிருந்தார்கள். அம்மா தனியாகத்தான் போனாள்.

திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

அக்கா

ஏப்ரல் 6

அக்கா,

கடிதம் கிடைத்தது. உன்மேல் கோபமில்லை. ஆனால் நீ கையைப் பிடித்துக்கொண்டிருந்தாய் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். எனக்கும் அது அப்படியே இருக்கட்டும்.

இனி இதைப் பற்றி எனக்கு எழுதாதே.

தம்பி